நாடகத்துக்கு ஒலியும் இசையும் அமைக்கும் தொழில்: காவிரிப் படுகையில் தொடங்குவோருக்கு

புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்திலிருந்து வரும் ஸ்பெஷல் நாடகக் குழுக்களைக் கோயில் திடலில் விடிய விடியப் பார்த்தவர்களுக்கு, ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் அருகில் அமர்ந்திருக்கும் ‘ஆல்ரவுண்ட்’ கலைஞரைத் தெரிந்திருக்கும். கோமாளி வழுக்கி விழும்போதும், ஒருவர் மற்றவரை அறையும்போதும், இடி இடிக்கும்போதும், அதற்குரிய ஓசையைத் தாளக் கருவிகளாலும் கைக்கு எட்டிய பொருள்களாலும் அந்தக் கணத்திலேயே எழுப்புபவர் அவர். இன்று ஒலி வடிவமைப்பு என்று பெயர் பெற்றிருக்கும் வேலையின் பெரும் பகுதியை அவர் எந்தப் பெயரும் இல்லாமல் செய்துவந்தார். நான் இந்தத் தொழிலின் முதல் பாடத்தை அப்படிப்பட்ட ஒருவரின் அருகில் பல இரவுகள் அமர்ந்துதான் கற்றேன்; அவருடைய கண் ஒருபோதும் தம் கருவியின்மீது இருந்ததில்லை, நடிகரின் தோளின்மீதே இருந்தது.

இத்தொழிலில் இரண்டு வேலைகள் பின்னிக் கிடக்கின்றன. நாடகத்துக்கென்று புதிதாக இசை அமைப்பது ஒன்று. அந்த இசை உட்பட, மேடையில் கேட்கும் ஒவ்வோர் ஓசையும் எங்கிருந்து, எப்போது, எவ்வளவு உரக்க வர வேண்டும் என்று தீர்மானிப்பது மற்றொன்று. பெருநகரக் குழுக்களில் இவற்றை வெவ்வேறு ஆட்கள் செய்யக்கூடும். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் இருந்து வேலை செய்பவர் இரண்டையும் செய்வதோடு, நிகழ்ச்சி அன்று மிக்சருக்குப் பின்னால் அமர்ந்து இயக்குபவராகவும் இருக்க வேண்டியிருக்கும். ஆகவே மூன்றையும் சேர்த்தே கற்பது நல்லது. திரைப்படத்துக்கு இசையமைப்பவருக்கு முன்னால் காட்சி வெட்டி ஒட்டப்பட்டு, நீளம் மாறாமல் நிற்கிறது. நாடகத்தில் ஒரே காட்சி இன்று நான்கு நிமிடத்தில் முடியும், நாளை ஐந்து நிமிடம் எடுக்கும். நடிகர் எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு நிமிடத்துக்கு இடம் விட்டு இசையமைக்கப் பழகுவதே இத்தொழிலின் சாரம் என்று நான் கருதுகிறேன்.

பிரதியைக் கேட்பது

பிரதி கைக்கு வந்ததும் முதல் முறை எதையும் குறித்துக்கொள்ளாமல் ஒரே மூச்சில் படியுங்கள். இரண்டாம் முறை, பிரதியே பெயர் சொல்லிக் கேட்கும் ஓசைகளை, அதாவது கதவு தட்டுவது, பேருந்து வந்து நிற்பது, அழைப்பொலி போன்றவற்றை, ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றாம் முறைதான் உண்மையான வேலை தொடங்குகிறது: அந்த இடம், அந்த வேளை, அந்தப் பருவம் ஆகியவற்றில் அங்கே நிற்கும் மனிதர் எதைக் கேட்பார் என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கடைமடைக் கிராமம் ஒன்றில் ஒரு தந்தையும் மகளும் இரவில் வாய்க்கால் தண்ணீருக்காகக் காத்திருக்கும் காட்சி. பிரதியில் “இரவு, வரப்பு” என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. இரவு என்றதும் தவளைச் சத்தத்தைப் போட்டுவிடத் தோன்றும். ஆனால் கதை நடப்பது மேட்டூர் அணையைத் திறந்த பிறகு, கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் வந்து சேராத நாள்களில். வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கும் தண்ணீர் கல்லணையைத் தாண்டிக் கிளை வாய்க்கால்கள் வழியே கடைசி வயலுக்கு வரப் பல நாள்கள் ஆகும். காய்ந்து வெடித்த வயலில் தவளைக் கூட்டம் கத்தாது; சில்வண்டு மட்டும்தான் கேட்கும். ஆகவே காட்சியின் முதல் பகுதியில் தூரத்தில் ஒரு போர்செட் மோட்டார் ஓடும் ஓசையை மட்டும் மெலிதாக வைத்தேன். அது ஆழ்துளைக் கிணறு போட வசதியுள்ள பக்கத்து வயல்காரருடையது என்று எவரும் சொல்லாமலே பார்வையாளருக்குப் புரிந்தது. பிறகு மின்சாரம் நின்று மோட்டார் அடங்குகிறது. அந்த அமைதியில்தான் மகள் தன் மனத்தில் இருப்பதைச் சொல்கிறாள். காட்சி முடியும் தறுவாயில் வெகு தொலைவில் ஒரே ஒரு தவளை. தண்ணீர் வருகிறது என்ற வசனத்தை இயக்குநர் அதன் பிறகு நீக்கிவிட்டார். அந்தக் காட்சிக்காக நான் வீணையில் அமைத்திருந்த இசையையும் நீக்கினார். அது சரியான முடிவு என்பதை முதல் நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டேன்.

இவ்வளவும் வீட்டில் கணினிக்கு முன்னால் அமர்ந்து கிடைப்பதில்லை. முதல் வாசிப்பு ஒத்திகையிலிருந்தே போய் உட்காருங்கள். தொடக்க வாரங்களில் முழுதாக முடித்த இசையைக் கொண்டுபோகாதீர்கள், ஏனெனில் முடித்ததை மாற்ற மனம் வராது. ஒரு கஞ்சிரா, ஒரு சுருதிப் பெட்டி, ஒரு செம்பு, சில ஓலைகள் போதும். நடிகர் நடக்கும்போது நீங்களும் உடன் தட்டிப் பாருங்கள், பாடிப் பாருங்கள். எந்த வசனத்துக்கு முன்னால் எந்த நடிகர் மூச்சு இழுக்கிறார், எங்கே வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்பதை நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால், மூன்றாவது வாரத்தில் இசையின் தாளகதி தானாகவே தெரியத் தொடங்கும்.

ஊரின் ஓசைகளைச் சேர்ப்பது

இணையத்தில் கிடைக்கும் ஆற்று ஓசையில் பெரும்பாலானவை பாறையில் மோதி ஓடும் மலையாறுகள். காவிரியும் குடமுருட்டியும் வெண்ணாறும் மணலில் ஓடுகின்றன. அவற்றின் ஓசை மதகிலும் படித்துறையிலும்தான் எழும். நம் பார்வையாளர் ஆற்றோடு வளர்ந்தவர்கள், வேறுபாட்டை உடனே உணர்வார்கள். ஆகவே ஒரு சிறிய கையடக்க ஒலிப்பதிவுக் கருவி வாங்குவதை முதல் செலவாக வையுங்கள். காற்று மைக்கில் மோதாமல் இருக்க மயிருறை கட்டாயம் வேண்டும். படுகையின் திறந்த வெளியில் அது இல்லாமல் எடுத்த பதிவு பயன்படாது. 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். ஓசை எழும் இடத்திலிருந்து அருகிலும் தொலைவிலும் என இரு முறை எடுங்கள், ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று நிமிடம் இருக்கட்டும். பதிவின் தொடக்கத்தில் ஊர், தேதி, நேரம் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிட்டால் பின்னாளில் தேடுவது எளிது. விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரமே சிறந்த வேளை, ஏனெனில் சாலை ஓசை குறைந்திருக்கும். மனிதர்களின் குரலைப் பதியும்போது அனுமதி கேளுங்கள். இழவு வீட்டு ஒப்பாரியை மறைவாகப் பதிவு செய்வது எந்த நாடகத்தின் பெயராலும் செய்யத் தகாதது. தெரிந்த பாடகர் ஒருவரை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்துத் தனியே பதிவு செய்யலாம்.

இசையை அமைப்பது

முதலில் பாடும் நடிகரின் கட்டையை, அதாவது அவர் பாடும் சுருதியை, கண்டுபிடியுங்கள். ஒன்று கட்டை என்பது ஆர்மோனியத்தின் சி, ஐந்து கட்டை என்பது ஜி. உங்கள் கணினியில் அமைக்கும் இசையின் ஆதார சட்ஜம் நடிகரின் கட்டையோடு பொருந்தவில்லையென்றால், மேடையில் அவர் நெருக்கடியான தருணத்தில் தடுமாறுவார். ஒத்திகையில் ஓய்வாகப் பாடும் கட்டையைவிட, ஓடி ஆடி மூச்சு வாங்கும்போது பாடும் கட்டை அரைக் கட்டை குறைவாக இருக்கலாம் என்பதால், இயக்கத்தோடு பாடவைத்தே சோதிக்க வேண்டும்.

வசனத்துக்கு அடியில் ஓடும் இசைக்குத் தனி இலக்கணம் உண்டு. பேச்சில் சொல்லைத் தெளிவாக்கும் மெய்யெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியை நிரப்பும் கருவி எதுவானாலும் சொல்லை மறைத்துவிடும். நாகசுரமும் தவிலும் நமக்கு எவ்வளவு நெருக்கமானவையாக இருந்தாலும், வசனத்தோடு சேர்ந்து ஒலிக்க வல்லவை அல்ல. அவற்றைக் காட்சிகளுக்கு இடையில், பேச்சு நின்ற இடத்தில் வையுங்கள். வசனத்தின் அடியில் தம்புரா, வீணையின் மந்தர ஸ்தாயி, கடத்தின் மெல்லிய தட்டு போன்றவை போதும். நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யும் நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஒருநாள் போய் பாரி நாகசுரத்துக்கும் அதைவிடக் குட்டையான திமிரிக்கும் உள்ள சுருதி வேறுபாட்டை நேரில் கேட்டுவிட்டு வந்தால், எதை எங்கே பயன்படுத்தலாம் என்ற தெளிவு பிறக்கும்.

இந்தப் பகுதிக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. இங்குள்ள மக்கள் ஓசைகளை மொழியைப்போல வாசிக்கத் தெரிந்தவர்கள். கம்பீர நாட்டையில் மல்லாரி கேட்டால் சுவாமி புறப்பாடு, நீலாம்பரி கேட்டால் தாலாட்டு, பறையின் ஓர் அடி சாவுக்கு, வேறோர் அடி திருவிழாவுக்கு. தொடக்க காலத்தில் நான் ஒரு சோழ மன்னனின் அவைப் பிரவேசத்துக்கு, கம்பீரமாக இருக்கிறதே என்று மல்லாரியை வைத்தேன். முன்வரிசையில் இருந்த முதியவர்கள் சிலர் அனிச்சையாகக் கைகூப்பினார்கள். அந்த மன்னன் நாடகத்தில் கொடியவன். அந்த ஒரு நிமிட இசையால் அடுத்த இரண்டு காட்சிகளின் பொருளே மாறிப்போயிற்று. நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தவில் வித்துவான் என்னை அழைத்து, மல்லாரி யாருக்கு, எப்போது வாசிப்பது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து கோயில் மரபிலோ சாவுச் சடங்கிலோ இடம் பெற்ற எந்த இசையையும், அதை வாசிப்பவரிடம் கேட்காமல் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தேன். மரபை மீறலாம், மீறுகிறோம் என்று தெரிந்து மீற வேண்டும்.

நடிகருக்காக இசை காத்திருப்பது எப்படி என்று கற்க நம் அருகிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்ற இசை நாடக விழாவில், ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய பிரவேச தருவோடு, அதாவது நுழைவுப் பாடலோடு, மேடைக்கு வருகிறது. வெங்கடராம சாஸ்திரி இயற்றிய அந்தத் தெலுங்கு நாடகங்களின் மொழி உங்களுக்குப் புரியாவிட்டாலும் குறையில்லை. உண்மையில் மொழி புரியாதபோது, பாடகர் எப்போது நடிகரை முன்னே விடுகிறார், எப்போது இழுத்துச் செல்கிறார் என்பது இன்னும் நன்றாகவே தெரியும்.

திடலும் மண்டபமும்

நம் நாடகங்கள் நடக்கும் இடங்கள் பெரும்பாலும் நாடகத்துக்கென்று கட்டப்பட்டவை அல்ல. திறந்த திடலில், தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஓசை 6 டெசிபல் குறைகிறது. முன்வரிசைக்குச் சரியாக இருப்பது பின்வரிசைக்குக் கேட்காது, பின்வரிசைக்காகக் கூட்டினால் முன்வரிசையின் காது வலிக்கும். ஆகவே கூட்டத்தின் நடுவிலோ பின்பகுதியிலோ இரண்டாவது ஜோடி ஸ்பீக்கர் வைப்பது வழக்கம். அப்போது கணக்கு ஒன்று போட வேண்டும். காற்றில் ஓசை நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது, அதாவது ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2.9 மில்லி நொடி. மேடை ஸ்பீக்கரிலிருந்து 25 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கருக்கு 72 மில்லி நொடி தாமதம் கொடுக்காவிட்டால், பின்வரிசையினர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை கேட்பார்கள். அதற்கு மேல் பத்து மில்லி நொடி சேர்த்தால், காது ஓசையை மேடையிலிருந்து வருவதாகவே ஏற்கும்.

கல்யாண மண்டபம் இதற்கு நேர்மாறான துன்பம். வழவழப்பான தரையும் வெற்றுச் சுவரும் ஓசையை நெடுநேரம் திருப்பி அனுப்பும். ஒலியளவைக் கூட்டுவது இங்கே உதவாது, கலங்கல்தான் கூடும். ஸ்பீக்கரை உயர்த்தி, கூட்டத்தை நோக்கிச் சாய்த்து, கீழ்ஸ்தாயி ஓசையைக் குறையுங்கள். காலி மண்டபத்தில் எதிரொலி மிகுந்து கேட்டால் அஞ்ச வேண்டாம், மக்கள் வந்து நிரம்பியதும் பாதி அடங்கும். தகரக் கொட்டகையில் மழை பெய்தால் எந்தத் தொழில்நுட்பமும் பயன்படாது. அப்போது நாடகத்தைச் சற்று நிறுத்துவதே நடிகருக்கும் மக்களுக்கும் செய்யும் மரியாதை.

மைக் செட்காரரோடு நல்லுறவு வைத்துக்கொள்வது இத்தொழிலில் பாதி வெற்றி. அவர் அந்தத் திடலைப் பத்து ஆண்டுகளாக அறிந்தவராக இருப்பார். எந்த மூலையில் மைக் கூவும், எந்த ஜெனரேட்டர் ஆடும் என்று அவருக்குத்தான் தெரியும். முதல் நாளே சென்று, அவருடைய மிக்சரில் உங்களுக்கு இரண்டு சேனல் வேண்டும் என்று கேட்டு, வயர் முனை எந்த வகை என்று பார்த்து வாருங்கள். மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி ஸ்பீக்கர்கள் இருக்க வேண்டும் என்பதைப் பணிவாக வலியுறுத்துங்கள். மடிக்கணினியை இணைத்ததும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், கணினிக்கும் மிக்சருக்கும் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (இந்த இரைச்சலைத் தடுக்கும் சிறு இணைப்புப் பெட்டி) வைத்துவிட்டு மீண்டும் இணைக்கலாம்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி தேவை. திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதைப் பயன்படுத்த முடியாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். விடிய விடிய நடந்த நாடகங்கள் சுருங்கியதில் இந்த விதிக்கும் பங்குண்டு. ஆகவே நாடகத்தின் நீளத்தையும் ஒலி அமைப்பையும் இந்த நேரத்தை மனத்தில் வைத்தே திட்டமிடுங்கள்.

கியூ தாளும் இயக்கமும்

ஓர் ஓசையைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டிய இடத்தைக் காட்டும் குறிப்பே கியூ. கியூ தாளில் பக்க எண், முந்தைய வசனத்தின் கடைசிச் சொற்கள், ஓசை, ஒலியளவு, எப்படி முடிகிறது என்பவை இருக்க வேண்டும். எண்களை 10, 20, 30 என்று இடைவெளி விட்டு இடுங்கள். இடையில் புதிதாகச் சேர்க்கும் கியூவுக்கு 15 என்று எண் தரலாம். மேக் கணினி இருந்தால் கியூலேப் மென்பொருள் பரவலாகப் பயன்படுவது. லினக்ஸ் ஷோ பிளேயர் இலவசமாகக் கிடைப்பது. இசையைப் பதிந்து கோக்க ரீப்பர் குறைந்த விலையில் போதுமானது. நீண்ட இசையை ஒரே கோப்பாக வைக்காமல் தொடக்கம், சுழன்றுகொண்டே இருக்கும் நடுப்பகுதி, முடிப்பு என மூன்றாகப் பிரித்து வையுங்கள். நடிகர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் நடுப்பகுதி சுழலும், அவர் திரும்பிய கணத்தில் நீங்கள் முடிப்பை அழுத்தலாம். நிகழ்ச்சி நாளில் கணினியின் இணையத்தையும் அறிவிப்புகளையும் அணைத்து, அதே கோப்புகளை இரண்டாவது கருவி ஒன்றிலும் ஏற்றி வைத்து, யுபிஎஸ் வழியாக மின் இணைப்புக் கொடுங்கள்.

பயிற்சியும் ஊதியமும்

முறையான பயிற்சி வேண்டுவோருக்கு வழிகள் உண்டு. இசை அடிப்படைக்குத் திருவையாறு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை, பேராசிரியர் சே. இராமானுஜம் பணியாற்றிய இடம். கும்பகோணத்தைச் சேர்ந்த இந்திரா பார்த்தசாரதி பொறுப்பேற்று வளர்த்த புதுவைப் பல்கலைக்கழக நாடகப் பள்ளி, சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியது. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு உண்டு. இவற்றில் சேர முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஒரு குழுவின் மூன்று நாடகங்களுக்கு ஒத்திகை முதல் கடைசி நிகழ்ச்சி வரை உடனிருப்பது பெரும் கல்வி.

நாடகத்தை மட்டும் நம்பி இங்கே குடும்பம் நடத்துவது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாட்டிய நாடகங்கள், பள்ளி ஆண்டு விழாக்கள், ஆவணப் படங்கள், ஒலிப் புத்தகங்கள் ஆகியவற்றோடு சேர்த்தே வருமானம் அமையும். ஊதியம் பேசும்போது ஒத்திகை நாள்கள், இசை அமைக்கும் நாள்கள், ஒவ்வொரு நிகழ்ச்சியையும் இயக்குவது என மூன்றாகப் பிரித்துப் பேசுங்கள்; வாத்தியக் கலைஞர்களின் ஊதியமும் வாடகையும் உங்கள் பங்கில் சேரக் கூடாது. பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பதில் தவறில்லை.

எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். நான் அமைத்த இசையை ஒரு குழு வேறு ஊர்களில் இரண்டு ஆண்டுகள் எனக்குத் தெரியாமலே பயன்படுத்தியது. கேட்டபோது, வாய்ப்பேச்சில் எல்லாம் கொடுத்துவிட்டீர்களே என்றார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றித் தருவது கையொப்பமிட்ட எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்று கொள்ளப்படும். இசையமைப்பாளரின் உரிமை அவர் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஒரு பக்க ஒப்பந்தத்தில், இந்த நாடகத்துக்கு மட்டும், இந்தக் குழுவுக்கு மட்டும், இத்தனை ஆண்டுகளுக்கு மட்டும் என்று எழுதிவிட்டால் போதும். இதே நேர்மையைப் பிறருடைய பாடலுக்கும் இணையத்தில் எடுக்கும் ஓசைக்கும் நீங்களும் காட்ட வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழையால் திடல் நிகழ்ச்சிகள் குறைந்திருக்கும். அந்த மாதங்களில்தான் சம்பா வயலின் தவளைகளும், நிரம்பி ஓடும் வாய்க்கால்களும், கீற்றுக் கூரையில் விழும் மழையும் பதிவுக்குக் கிடைக்கும். தை அறுவடை முடிந்து திருவிழா அழைப்புகள் வரத் தொடங்குவதற்குள் அந்தப் பதிவுகளைப் பெயரிட்டு வரிசைப்படுத்தி, முந்தைய நாடகங்களிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத மாதிரித் தொகுப்பு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அதில் இசையை மட்டும் கோக்காமல், நடிகரின் வசனமும் உங்கள் ஒலியும் சேர்ந்து கேட்கும் பகுதிகளையே வையுங்கள். இயக்குநர் கேட்க விரும்புவது அதைத்தான்.